சராசரி எலும்பு

டக்கென்று ஒரு சத்தம். காய்ந்த முருங்கைக் கொப்பை ஒடித்தது போல, சுருக்கமாக, சுத்தமாக. மேடையில் இருந்த மைக் அதைப் பிடித்து அரங்கம் முழுக்கப் பரிமாறியது.

ஒலியமைப்பாளர் பதறிப்போய் ஒயரைப் பிடுங்கிச் செருகினார். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள்.

"மைக் மக்கர் பண்ணுது" என்றார் பக்கத்து நாற்காலிக்காரர், வாயில் பப்ஸோடு.

"அது மைக் இல்ல" என்றாள் ஜெசிந்தா.

டாக்டர் ஜெசிந்தா எலும்பு மருத்துவர். இருபது வருடமாக உடைந்ததை ஒட்டிக்கொண்டிருப்பவள். எலும்பு உடையும் சத்தத்தை அவள் தூக்கத்தில் கேட்டாலும் எந்த இடம் என்று சொல்லுவாள். இது மணிக்கட்டு. மேடையில் அந்த மணிக்கட்டுக்குச் சொந்தக்காரி அவளுடைய தங்கை பெனிட்டா.

வேகவதி டெக்னாலஜீஸின் குடும்ப விழா அது. சிறுசேரியில் முழுக்கக் கண்ணாடியால் எழும்பி, தன் மேல் விழும் வெயிலை எல்லாம் எதிரே இருக்கும் டீக்கடையின் மேல் திருப்பி அடிக்கும் கட்டடம். ஆண்டுக்கொரு முறை ஊழியர்களின் வீட்டாரை அழைத்து, ஆறிப்போன பப்ஸும் சூடேறிய குளிர்பானமும் கொடுத்து, 'நீங்களும் எங்கள் குடும்பம்' என்பார்கள். இந்த ஆண்டின் மிக வேகமான அணியை நடத்தியவள் என்று பெனிட்டாவுக்குக் கேடயம். கொடுத்தவர் நிர்வாக இயக்குநர் ரிஷிகேசன். புகைப்படக்காரருக்குத் திருப்தி வரும்வரை கையை விடாமல் குலுக்குவது அவருடைய பழக்கம். இன்றும் குலுக்கினார். உடைந்தது.

பெனிட்டா கத்தவில்லை. முகத்தில் இருந்த ரத்தம் மட்டும் இறங்கிப் போயிற்று. சிரிப்பு இருந்த இடத்திலேயே இருந்தது. கேடயத்தை இடக்கையில் வாங்கிக்கொண்டு, வலக்கையைத் துப்பட்டாவுக்குள் ஒளித்துக்கொண்டு, மைக்கின் முன்னால் நின்று நன்றியுரை வேறு ஆற்றினாள். மற்றவர்கள் பத்து நிமிடம் பேசுவதை அவள் இரண்டு நிமிடத்தில் பேசி முடித்தாள். வேகவதியில் எல்லோருமே அப்படித்தான் பேசினார்கள். கேட்பவர்களும் அதே வேகத்தில் தலையாட்டினார்கள்.

*

"ஏட்டி, வலிக்கலையா உனக்கு?"

"வலிச்சுது. ஸ்பீச் இருந்துச்சுல்லக்கா."

ஜெசிந்தாவின் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு காய்ந்துகொண்டிருந்தது. பெனிட்டா கட்டிலில் உட்கார்ந்து கால் இரண்டையும் ஆட்டிக்கொண்டே இருந்தாள். அவளால் சும்மா இருக்க முடியாது. மூன்று வருடமாக முடிந்ததில்லை.

அக்காவும் தங்கையும் நாசரேத்திலிருந்து படிக்க வந்து சென்னையிலேயே தங்கிவிட்டவர்கள். மேடவாக்கத்தில் ஒரே வீடு. ஒரே வீட்டில் இருந்தும் ஜெசிந்தாவுக்கு இன்றைக்குத்தான் தங்கையின் எலும்பைப் படம் பிடித்துப் பார்க்கத் தோன்றியது. அந்தக் கோபமும் சேர்ந்து இருந்தது.

"சொல்லுதேன் கேளு. ஒரு ஆம்பளை கை குலுக்கி முப்பத்தாறு வயசுக்காரிக்கு மணிக்கட்டு உடையாது. அவர் என்ன கட்டப்பஞ்சாயத்துக்காரரா? அதான் அடர்த்தியையும் பாத்தேன். உன் எலும்புக்கு எழுபத்தஞ்சு வயசு. இடுப்பு அதைவிட மோசம். முதுகெலும்பைப் பத்தி நான் சொல்லவே போறதில்ல."

"மெஷின் சரியா இருக்கா?"

"மெஷின் சரியாத்தான் இருக்கு. நீதான் சரியில்ல. அந்தப் பட்டாணியைக் காமி."

பெனிட்டாவின் கழுத்தடியில், காறையெலும்புக்குக் கீழே, தோலுக்கடியில், பட்டாணி அளவில் ஒரு மேடு. கம்பெனி அதற்குத் 'துரிதம்' என்று பெயர் வைத்திருந்தது. ஊழியர்கள் பட்டாணி என்றார்கள். பாதி வேலையை இயந்திரங்கள் செய்ய ஆரம்பித்த பிறகு, மீதிப் பாதியைச் செய்யும் மனிதர்கள் தூங்கி வழிவதாக முதலாளிகளுக்குத் தோன்றியது. இயந்திரத்தைக் குறைக்க முடியாது, மனிதனை முடுக்கலாம். பட்டாணி ரத்தத்தில் தைராய்டு ஹார்மோனை அளந்துகொண்டே இருக்கும். இயற்கை எவ்வளவு கொடுக்கிறதோ அதற்கு மேலே கொஞ்சம் சேர்த்துவிடும். பசி எடுக்கும், எடை கூடாது. நாலு மணி நேரம் தூங்கினால் போதும். மூளை பம்பரம். வேலைக்குச் சேருகிற அன்றே போட்டுவிடுவார்கள். கட்டாயமில்லை. போடாதவர்களுக்கு வேலையும் கட்டாயமில்லை.

"இதுக்கும் எலும்புக்கும் என்னக்கா சம்பந்தம்? கழுத்துல இருக்கிறதுதான தைராய்டு?"

"எலும்பை என்ன சிமென்ட் தூண்னு நினைச்சியா, ஒரு தடவை கட்டினா அப்படியே நிக்கிறதுக்கு? நம்ம தெரு ரோடு மாதிரி அது. ஒரு கும்பல் பழசைத் தோண்டிக்கிட்டே போகும். பின்னாலேயே இன்னொரு கும்பல் வந்து புதுசா மூடிக்கிட்டே வரும். வாழ்நாள் பூரா இந்த வேலை நடக்கும். தைராய்டுதான் மேஸ்திரி. அவன் சரியான அளவுல சத்தம் போட்டா ரெண்டு கும்பலும் ஒழுங்கா வேலை பாக்கும். சத்தம் குறைஞ்சா ரெண்டு கும்பலும் படுத்துரும். நீங்க என்ன பண்ணீங்க? மேஸ்திரி கையில ஒலிபெருக்கியைக் குடுத்துட்டீங்க."

"ரெண்டு கும்பலும்தான வேகமா வேலை பாக்கும்? அப்ப கணக்கு சரியாயிரும்ல."

"உங்க ஆபீஸ்ல வேணா சரியாகும். தோண்டுறது சுலபம்ட்டி. மூடுறதுக்கு மாசக்கணக்காகும். ஒருத்தன் ஒரு குழியை மூடி முடிக்கதுக்குள்ள இன்னொருத்தன் நாலு குழி தோண்டிருவான். ஒவ்வொரு சுத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமா குழி மிச்சமாகும். உனக்கு இப்ப ரோடே இல்ல. குழிகளுக்கு நடுவுல கொஞ்சம் ரோடு இருக்கு."

பெனிட்டா சிரித்தாள். "மேடவாக்கம்னு ஒரே வார்த்தையில சொல்லியிருக்கலாம்."

"சிரி. நெஞ்சு படபடக்கக் கூடாதுன்னு அதே பட்டாணிக்குள்ள இன்னொரு மருந்தையும் சேத்து வச்சிருக்காங்கல்ல உங்க ஆளுங்க? கை நடுங்கக் கூடாதுன்னும்தான். ஏன் தெரியுமா? நெஞ்சு படபடத்தா நீ புகார் சொல்லுவ. கை நடுங்கினா டைப் அடிக்க முடியாது. எலும்பு பாவம், உடையுற வரைக்கும் வாயைத் திறக்காது. அதனால அதைப் பத்தி ஒருத்தனும் கவலைப்படல."

"இப்ப என்ன செய்யணுங்கிற?"

"அளவைக் குறைக்கச் சொல்லு. எடுக்கக்கூட வேண்டாம். உனக்கு முன்னாடியே சுரப்பு குறைவு, மாத்திரை சாப்பிட்டுக்கிட்டுதான் இருந்த. பட்டாணியைச் சரியான அளவுல வச்சா அது நல்ல சாமான்தான். தோண்டுறவன் அடங்குவான். போன எலும்புல பாதியாவது திரும்பி வரும்."

பெனிட்டாவின் கால் ஆடுவது நின்றது.

"முடியாதுக்கா."

"என்ன முடியாது?"

"மாத்திரைக்கு முன்னால நான் எப்படி இருந்தேன்னு நீ மறந்துட்ட. காலேஜ்ல எனக்கு அம்மிக்கல்லுன்னு பேரு. எனக்குத் தைராய்டு இருக்குன்னு கண்டுபிடிக்கவே ரெண்டு வருஷமாச்சு..."

"தைராய்டு எல்லாருக்கும்தான் இருக்கு. உனக்குக் குறைவா இருந்துச்சு."

"சரி, குறைவு. மாத்திரை போட்டதும் எல்லாரையும் போல ஆனேன். எல்லாரையும் போலன்னா என்ன? அஞ்சாவது, ஆறாவது இடம். பட்டாணி போட்ட பிறகுதான் ஒரு அறைக்குள்ள நான் நுழைஞ்சா எல்லாரும் எழுந்திரிக்காங்க. அடுத்த மாசம் துணைத்தலைவர் பதவிக்கு இன்டர்வியூ. அதுக்குள்ள நான் நார்மலாகணுமா?"

நார்மல் என்ற சொல்லை ஏதோ சொறி சிரங்கின் பெயரைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

*

தங்கை கேட்காவிட்டால் என்ன, கம்பெனி டாக்டர் கேட்பார் என்று நினைத்துக்கொண்டு படங்களோடு சிறுசேரிக்குப் போனாள் ஜெசிந்தா. படித்தவர்களைப் பற்றி அவளுக்கு இன்னமும் இப்படிச் சில நம்பிக்கைகள் இருந்தன.

டாக்டர் சாரநாதன் வெள்ளைக் கோட்டுக்குள் டை கட்டி உட்கார்ந்திருந்தார். கோட்டு, தான் மருத்துவர் என்று நோயாளிகளுக்குத் தெரிவதற்கு. டை, தான் மருத்துவர் மட்டுமல்ல என்று முதலாளிக்குத் தெரிவதற்கு. படங்களை வாங்கி மேலோட்டமாகப் பார்த்துவிட்டுத் தன் திரையைத் திருப்பிக் காட்டினார்.

"உங்க தங்கச்சி எங்க பரிசோதனையில பச்சை, மேடம். நல்ல பச்சை. வருஷா வருஷம் எல்லாருக்கும் எலும்பு பாக்கறோம். நாங்க ஒண்ணும் பாக்காம விடல."

"இந்தப் படத்தைப் பாத்துட்டா பச்சைங்கிறீங்க?"

"சராசரிக்கு மேல இருக்காங்களே."

"யாரோட சராசரி?"

"நம்ம சராசரிதான்."

"நம்மன்னா? தமிழ்நாடா, இந்தியாவா?"

"வேகவதி, மேடம்."

ஜெசிந்தாவுக்கு ஒரு கணம் விளங்கவில்லை. விளங்கியபோது, கோபம் வருவதற்குப் பதில் சிரிப்பு வந்தது. அந்தக் கணினித் தொழிலில் வருடா வருடம் ஊழியர்களை மணிபோல வளைந்த ஒரு கோட்டின் மேல் வரிசையாக உட்கார்த்தி வைப்பார்கள். அதற்குப் பெல் கர்வ் என்று பெயர். எல்லோரும் உயிரைக் கொடுத்து உழைத்தாலும் யாராவது ஒருவன் வாலில் இருந்தாக வேண்டும். எல்லோரும் தூங்கினாலும் குறைவாகத் தூங்கியவன் தலையில் இருப்பான். சம்பளத்தை அப்படிப் போட்டார்கள், பதவியை அப்படிப் போட்டார்கள். கடைசியில் எலும்பையும் கொண்டுபோய் அந்தக் கோட்டின் மேல் உட்கார்த்திவிட்டார்கள்.

"டாக்டர், எலும்பு அடர்த்தியை ஆரோக்கியமான முப்பது வயசுக்காரங்களோட ஒப்பிடணும்னு உங்களுக்கு முதல் வருஷத்துல சொல்லிக் குடுத்திருப்பாங்களே. நீங்க எலும்பு கரையுற ஆளை எலும்பு கரையுற ஆளோட ஒப்பிட்டிருக்கீங்க. இங்க இருக்கிற நாலாயிரம் பேருக்கும் ஒண்ணா கரைஞ்சா?"

"அப்படிக் கரைஞ்சா யாருமே சராசரியை விட்டு விலகலையே, மேடம்." நல்ல சேதி சொல்லும் குரல்.

"ஒரு ஊர்ல எல்லாரும் நொண்டினா, நேரா நடக்கிறவனைக் கூட்டிட்டு வந்து உங்ககிட்டதான் வைத்தியம் பாக்கணும் போல."

சாரநாதன் டையைச் சரிசெய்துகொண்டார். "ஆரம்பத்துல வெளி அளவோடதான் பாத்தோம். நிறைய சிவப்பு வந்துச்சு. துரிதத்தையே நிறுத்தற மாதிரி ஆயிடுச்சு. அப்பதான் ஒரு யோசனை வந்தது."

"யாருக்கு வந்துச்சு?"

பதில் சொல்லும் அவசியம் அவருக்கு நேரவில்லை. ரிஷிகேசனே உள்ளே வந்துவிட்டார். கையை நீட்டப் போனவர், யாருடைய அக்கா என்று நினைவு வந்து கும்பிட்டார். ஜெசிந்தா சொன்னதை எல்லாம் பொறுமையாக, இடையில் ஒரு வார்த்தை பேசாமல் கேட்டார்.

"உங்க கவலை எனக்கும் கவலைதான், டாக்டர். எங்களுக்கு ஊழியர்தான் முக்கியம். உடனடியா நடவடிக்கை எடுக்கிறேன்."

எடுக்கவும் செய்தார். மறுநாள் சுற்றறிக்கை வந்தது. இனி வேகவதி வளாகத்தில் கைகுலுக்கல் கிடையாது. கைதட்டலும் கிடையாது; பாராட்ட விரும்புகிறவர்கள் விரல்களைக் காற்றில் அசைக்கலாம். மாடிப்படிகள் பூட்டப்படும், எல்லோரும் லிஃப்டில்தான் போக வேண்டும். நடைபாதைகளில் மெத்தை விரிப்பு. நாற்காலிகளுக்குப் பஞ்சு. தும்முகிறவர்கள் ஏதாவதொன்றைப் பிடித்துக்கொண்டு தும்ம வேண்டும். பட்டாணியின் அளவைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

எலும்புக்கு வலு வேண்டுமானால் மனிதன் நடக்க வேண்டும், படியேற வேண்டும். அதைத்தான் தேடிப் பிடித்துப் பூட்டியிருந்தார்கள்.

*

"பாத்தியாக்கா? நீ ஒரு வார்த்தை சொன்னதும் எவ்வளவு மாத்திட்டாங்க." பெனிட்டா சுற்றறிக்கையைப் படித்துவிட்டு, மாவுக்கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்களை அசைத்துக் காட்டினாள்.

சமையலறையில் ஜெசிந்தா தோசைக்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஓட்டை வாளிக்குக் கீழ துண்டை விரிச்சு வச்சிருக்காங்க. அதுக்கு நீ விரலாட்டுத. ஏட்டி, கடைசியா கேக்கேன். நாளைக்கு சாரநாதன்கிட்ட போய் என் அளவைக் குறைங்கன்னு ஒரு வார்த்தை சொல்லு. நீ கேட்டா அந்த ஆள் குறைச்சுத்தான் ஆகணும். நான் கேட்டா செல்லாது."

"இன்டர்வியூ முடியட்டும்."

"அதுக்கப்புறம் பதவி வந்துரும். பதவி வந்ததும் அதைக் காப்பாத்தணும்பே. அதுவரைக்கும் உன் இடுப்பு காத்துக்கிட்டு இருக்குமா? இடுப்பு உடைஞ்ச பொம்பளையைத் துணைத்தலைவர் நாற்காலில எப்படி உக்கார வைப்பாங்க, கட்டி வச்சா?"

"எனக்கு மட்டுமா இப்படி இருக்கு? எங்க ஃப்ளோர்ல எல்லாருக்கும்தான்."

"எல்லாருக்கும்தான், எல்லாருக்கும்தான். இதையே சொல்லுங்க எல்லாரும். சாகும்போதும் வரிசையில பக்கத்துல ஆள் நின்னா நிம்மதியா செத்துருவீங்க போல."

பெனிட்டா தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "உனக்கு என்னக்கா. நீ பிறந்ததுலருந்து வேகம். மெதுவா இருக்கிறதுன்னா என்னன்னு உனக்குத் தெரியாது. மத்தவங்க பேசி முடிச்சுச் சிரிச்சதுக்கப்புறம் உனக்குப் புரிஞ்சு நீ சிரிச்சா, அப்ப எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க பாரு. நான் திரும்ப அங்க போகமாட்டேன். எலும்பு போனாலும்."

 ஜெசிந்தா குரலை உயர்த்தினாள்.

"சரி. நீயா குறைக்கமாட்ட. அப்ப மொத்தக் கடையையும் இழுத்து மூடுதேன். பட்டாணிங்கிற சாமானையே தடை பண்ண வைக்கேன். உன் ஒருத்திக்காக நாலாயிரம் பேரையும் காப்பாத்தித் தொலைக்கேன், போ."

பெனிட்டா தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். சாப்பிடவில்லை. பட்டாணி போட்டவர்கள் சாப்பாட்டைத் தட்டில் விட்டு ஜெசிந்தா பார்த்ததில்லை. அப்போது அது அவள் மனதில் நிற்கவில்லை.

*

பணியிட உடல்நல ஆணையம் என்று ஒன்று இருந்தது. பழைய கட்டடம், புதிய பெயர்ப் பலகை. அதிகாரி தில்லைநாயகம், ஜெசிந்தா கொண்டுபோன படங்களை முதலில் தலைகீழாகவும் பிறகு நேராகவும் பார்த்தார்.

"தப்பு நடந்திருக்கு. அதுல எனக்குச் சந்தேகம் இல்லம்மா" என்றார். "ஆனா தப்பு ரெண்டு வகை. தெரியாம நடந்தா நாங்க அறிவுரை சொல்லி ஒரு கடிதம் அனுப்புவோம்."

"அவங்களும் பதிலுக்கு நன்றி சொல்லி ஒரு கடிதம் அனுப்புவாங்க."

"அனுப்புவாங்க. நல்லா எழுதுவாங்க, அழகான தாள்ல." தில்லைநாயகம் கூச்சமே படவில்லை. "தெரிஞ்சே நடந்திருந்தா வேற கதை. ஆபத்துன்னு தெரிஞ்சு, அளவுகோலை மாத்தி, சிவப்பைப் பச்சையாக்கியிருந்தா அது குற்றம். அன்னைக்கே கருவியைத் தடை பண்ணலாம். ஆனா கம்பெனி குற்றம் பண்ணாதும்மா. ஆள்தான் பண்ணணும். முதல்ல இந்த யோசனையைச் சொன்ன ஆள் யாரு? அந்த ஆளை எனக்குக் காட்டுங்க. வாக்குமூலம் வாங்கின மறுநாள் ஒவ்வொரு பட்டாணியையும் குறைக்க வைக்கிறேன்."

"அந்த ஆளுக்கு என்ன ஆகும்?"

"உள்ள போகணும். வேற என்ன? ஒருத்தர் போனாத்தான் சட்டத்துக்கு நம்பிக்கை வரும்."

ஜெசிந்தாவுக்கு அந்த ஏற்பாடு பிடித்திருந்தது. ரிஷிகேசன் கம்பிக்குப் பின்னால் நின்று விரலாட்டுவதை அவள் ஆஸ்பத்திரி திரும்பும் வழியெல்லாம் ரசித்துக்கொண்டு வந்தாள். போனதும் சாரநாதனைத் தொலைபேசியில் பிடித்தாள். ஆணையம் என்ற சொல் காதில் விழுந்ததும் அவர் குரலில் இருந்த டை அவிழ்ந்து விழுந்தது.

"மேடம், எம்.டி.யைச் சொல்லாதீங்க. இது மேலேருந்து வந்ததில்ல. அவர் நிறுத்திடலாம்னுகூட நினைச்சார். கீழேருந்து வந்த யோசனை. ஊழியர் ஒருத்தரே தர்ற யோசனையை எப்படி வேண்டாங்கறது?"

"பேரைச் சொல்லுங்க."

"என்னைக் கேக்காதீங்க, மேடம். உங்ககிட்ட நான் எப்படிச் சொல்லுவேன்?"

வைத்துவிட்டார். 'உங்ககிட்ட' என்பதை அவர் எதற்கு அத்தனை அழுத்திச் சொன்னார் என்று ஜெசிந்தா யோசிக்கவில்லை. பயந்தாங்கொள்ளி என்று ஒரு முத்திரை குத்திவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டாள். அந்த ஊழியனின் முகம் மட்டும் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. எண்ணெய் தடவிய தலை. முதலாளி தும்முவதற்கு முன்பே கைக்குட்டை நீட்டும் கை. எல்லா ஆபீஸிலும் ஒருவன் இருப்பானே, அவன்.

*

இன்டர்வியூவுக்குப் போகும் வழியில் பெனிட்டாவின் முதுகெலும்பு நொறுங்கியது.

விபத்து என்று கூடச் சொல்ல முடியாது. ஓட்டுநரில்லா ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தாள். சாலையில் இருக்கும் எல்லா வேகத்தடைகளும் அந்த ஆட்டோவுக்கு மனப்பாடம். ஆனால் முந்தின நாள்தான் அந்த வார்டுப் பிரமுகர் ஒருவர், தன் வீட்டு வாசலில் யாரும் வேகமாகப் போகக் கூடாதென்று, யாரையும் கேட்காமல் தார் கொட்டி ஒரு மேடு எழுப்பியிருந்தார். வரைபடத்தில் இல்லாத மேட்டை ஆட்டோ மதிக்கவில்லை. ஏறி இறங்கியது. சாதாரண உடம்பாக இருந்தால் பிரமுகரின் குடும்பத்தை நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருக்கலாம். பெனிட்டாவுக்கு இரண்டு முதுகெலும்புகள் அட்டைப்பெட்டிபோல அமுங்கிவிட்டன.

நரம்பு தப்பியது. அதை ஜெசிந்தா படத்தில் மூன்று முறை பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகுதான் திட்டவே ஆரம்பித்தாள்.

மத்தியானம். ஜன்னலுக்கு வெளியே யாரோ இளநீர் சீவும் சத்தம். ஜெசிந்தா தங்கையை மெல்ல ஒருக்களித்துப் படுக்க வைத்து, முதுகுக்குக் கீழே அகலமான பெல்ட்டை நுழைத்துக்கொண்டிருந்தாள். நர்சைக் கூப்பிடவில்லை. இந்த எலும்பைத் தொட இன்னொருவரை அவள் நம்பவில்லை.

"மூச்சை இழுக்காத. மெதுவா."

"மெதுவாத்தான இருக்கேன்." பெனிட்டா கண்களை மூடிக்கொண்டிருந்தாள். "அக்கா, நான் குறைச்சுக்கிடுதேன். சாரநாதன் சாருக்குச் சொல்லியாச்சு. சாயந்தரம் வந்து குறைக்காரு."

ஜெசிந்தாவின் கை ஒரு நிமிடம் நின்றது. இத்தனை நாளாகக் கேட்ட வார்த்தை. கண்ணில் தண்ணீர் முட்டியது. அதற்கும் சேர்த்துக் கோபப்பட்டாள்.

"இதுக்கு ரெண்டு எலும்பு உடையணும் உனக்கு."

"நீ அந்த ஆணையத்துக்கு மட்டும் போகாத. நான்தான் குறைச்சுக்கிடுதேன்லா. உனக்கு அதான வேணும்?"

"உனக்குக் குறைஞ்சுரும். உன் ஃப்ளோர்ல இருக்கிறவளுக்கு? நேத்து உங்க கம்பெனியிலருந்து ஒரு பொண்ணு வந்தா. இருபத்தெட்டு வயசு. இருமி விலா எலும்பு உடைஞ்சிருக்கு. எனக்கு ஒண்ணும் இல்ல டாக்டர், எனக்குப் பச்சைன்னு சொல்லுதா. விலா உடைஞ்சு கிடக்கா, பச்சையாம். இனி நான் விடமாட்டேன்ட்டி. உனக்காகத்தான் ஆரம்பிச்சேன். இப்ப அவளுக்காகவும் போறேன். சாயந்தரம் அந்தத் தில்லைநாயகத்தைப் பாக்கணும். எனக்கு ஒரே ஒரு பேரு வேணும்."

"என்ன பேரு?"

"உங்க ஆளுங்க எலும்பை உங்க ஆளுங்களோடயே ஒப்பிடலாம்னு முதல்ல சொன்னது யாரு? உனக்குத் தெரியாம இருக்காது. எவனோ முதலாளிக்குச் சொறிஞ்சு விட்டுப் பதவி வாங்கின பய."

 இளநீர்க்காரர் இன்னொரு காயைச் சீவ ஆரம்பித்திருந்தார்.

"பதவிக்காகத்தான் இருக்கணும்னு இல்லக்கா. அந்த வருஷம் முக்காவாசிப் பேருக்குச் சிவப்பு. பட்டாணியை எடுத்துருவாங்கன்னு பேச்சு. எடுத்துட்டா மறுபடியும் பழைய ஆளா ஆயிருவோம்னு பயந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதை அவங்க இப்படிப் பிடிச்சுக்குவாங்கன்னு நினைச்சிருக்கமாட்டாங்க."

"பயந்தவன் தன் எலும்பைக் குடுத்துட்டுப் போகட்டும். அடுத்தவன் எலும்பைத் தாரை வாக்க இவன் யாரு? நல்ல பயம். நாலாயிரம் பேரைக் கூட்டிக்கிட்டுப் பயப்படுத பயம்." ஜெசிந்தா பெல்ட்டின் முதல் பட்டையை இழுத்து ஒட்டினாள். "பரிதாபப்படாத அவனுக்கு. அவன் மட்டும் என் கையில கிடைச்சான், ஒரு எலும்பு மிச்சம் வைக்கமாட்டேன்."

"அவன் இல்லக்கா. பொண்ணு."

"பொண்ணா? யாருட்டி அவ?"

பெனிட்டா கண்ணைத் திறந்து அக்காவின் கைகளைப் பார்த்தாள்.

"அவளுக்குத்தான்க்கா நீ இப்ப பெல்ட் மாட்டிக்கிட்டு இருக்க."